முந்நூற்று ஏழு

"என்ன வருது?" என்று கூடத்துக் கட்டிலிலிருந்து அவர் கேட்டார். குரலில் பாதிதான் சமையலறை வரை வந்து சேர்ந்தது.

அவள் மூலையில் மண்டியிட்டு, தண்ணீர் டியூபை அளவுகோலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே தண்ணீர் ஏறி இறங்கி, ஆடி அடங்கி, முந்நூற்று ஏழு மில்லிமீட்டரில் நின்றது.

"முந்நூறு" என்றாள்.

பதினோரு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவை, வாய் கூசாமல் சொல்லிவந்த பொய். இன்றைக்கு மட்டும் என்னவோ வாய் கூசியது. டாக்டர் நேற்று வாசலில் வைத்து, இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் சொல்லாமலே அதைப் புரிந்துகொண்ட மனுஷர், காலையில் கண் விழித்ததும் மருந்தைக் கேட்கவில்லை. இன்றைக்கு அளவு எடுக்கிற நாளாச்சே என்றார். அவர் அடம் பிடித்தால் பிடித்ததுதான்.

பழைய வீடுகளின் தரையை அளந்து, எந்த மூலை இறங்கியிருக்கிறது, அஸ்திவாரம் அசைகிறதா என்று சொல்வது அவர் தொழில். ஊரில் அவருக்கு 'மில்லி' என்றுதான் பேர். சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கு இப்படியொரு பேரா என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரே வெட்கம். யார் கெஞ்சினாலும் ஒரு மில்லியைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் சொன்ன அளவால் விற்பனை நின்றுபோய் முகத்துக்கு நேரே திட்டியவர்கள் உண்டு. திட்டி முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, டியூபைச் சுருட்டிக்கொண்டு வருவார்.

அப்பேர்ப்பட்டவருடைய நோட்டில்தான் அவள் பொய்யை எழுத வைத்துக்கொண்டிருந்தாள்.

வேறெதற்கு, இந்த வீட்டுக்காகத்தான். கல்யாணமானதிலிருந்து ஒன்பது வாடகை வீடு. ஒன்பது தடவை பாத்திரம் பண்டத்தைக் காகிதத்தில் சுற்றிக் கட்டியவள் அவள். இங்கேதான் முதல்முதலாக அலமாரி அவள் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்தது. மூலை இறங்க ஆரம்பித்தால் யோசிக்கவே கூடாது, விற்றுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். மூன்று வருஷம் தண்ணீர் முந்நூறிலேயே நின்றது. நான்காம் வருஷம் முந்நூற்று ஒன்று; மூலை இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு மில்லிக்காகவா மறுபடி மூட்டை கட்டுவது என்று முந்நூறு என்றே சொல்லிவிட்டாள். அந்த ஒன்று மெல்ல மெல்ல ஏழாயிற்று. என்ன புண்ணியமோ, நாலு வருஷமாக ஏழைத் தாண்டவில்லை.

ஆனால் இப்படியே அவரை அனுப்பி வைத்தால், மிச்ச நாளெல்லாம் இந்தப் பொய்யோடு தனியாக எப்படிக் குடும்பம் நடத்துவது? டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில், முக்காலியின் காலில் டியூபின் மறுமுனை இன்னொரு அளவுகோலோடு கட்டியிருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். அது முந்நூறு இல்ல."

"முந்நூத்தி ஏழு" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தொப்பென்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விரல் நழுவி, மடியெல்லாம் தண்ணீர்.

அவர் மூச்சு வாங்கி வாங்கி விளக்கினார். அளக்கும் முன் இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்துத் தண்ணீரை முந்நூறுக்குக் கொண்டுவருகிறார்களே, அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற தண்ணீர் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவள் போய் நிற்கும் மூலை பள்ளமென்றால், அவள் பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அவர் பக்கம் இறங்கியே ஆக வேண்டும். ஏழு ஏற்றம், ஏழு இறக்கம், மூலை பதினாலு மில்லி கீழே. நோட்டை அவள் கையில் கொடுத்தார். ஒரு பத்தி முழுக்க அவள் சொன்ன முந்நூறுகள். பக்கத்துப் பத்தியில் அவர் பார்த்தவை: முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று இறங்கி, கடைசியில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. எதையும் ஒளித்து வைக்கவில்லை. பயத்தில் அவள்தான் ஒருநாளும் அந்த நோட்டைத் திறக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, சாக்கடைக் குழாய் உடைந்துவிட்டதென்று சமையலறைக்கு வெளியே தோண்டிப் போட்டிருந்தார். வந்து பார்த்துவிட்டு, வீடெல்லாம் புழுதி என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள். குழாய் உடையவே இல்லையாம். அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் போட்டு மூலையைத் தாங்க வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க என்னைக் கிளம்பச் சொல்லல?"

"நீதான் முந்நூறுன்னு சொல்லிட்டியே. அப்புறம் உன்னை எங்க கிளப்பறது? மூலையைத்தான் நிறுத்தணும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. திருட்டு மனுஷன் என்று தோளில் மெல்லத் தட்டினாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு லேசாக அவள் மூச்சு விட்டதில்லை.

இரண்டு வாய் பால் குடித்துவிட்டு, கொஞ்சம் கண் அசர்கிறேன் என்றார். டியூபில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டு அவள் திரும்பியபோது, பேனாவை மூடாமலே தூங்குகிறவர்போல் கிடந்தார். மூச்சில்லை. முகத்தில் வலி எதுவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் கையைச் சில்லிடும் வரை பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் செய்தாள்.

மத்தியானத்துக்குள் மகளும் கொழுந்தனாரும் எதிர்வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். இந்தப் பழைய வீட்டில் உன்னைத் தனியாக விட மாட்டேன், என்னோடு வந்துவிடு என்று மகள் தேம்பினாள். வருகிறவர்கள் பார்க்க வசதியாகக் கட்டிலைக் கூடத்து நடுவுக்கு இழுத்தார்கள். தலை எந்தப் பக்கம் இருக்கட்டும் அண்ணி என்று கொழுந்தனார் கேட்டார்.

"ஜன்னல் பக்கம். சமையலறைப் பக்கம் பதினாலு மில்லி இறக்கம்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து முந்நூறையே கேட்டு வளர்ந்தவள்.

"முந்நூறுதானேம்மா?"

"முந்நூத்தி ஏழு. நாலு வருஷமா அங்கயே நிக்குது. இனிமே இறங்காது."

ஆண்கள் இருவரும் கட்டிலைத் தூக்கி முழுசாகத் திருப்பி வைத்தார்கள். அவள் குனிந்து, சுருண்டிருந்த போர்வையை அவர் பாதம் வரை இழுத்துவிட்டாள்.