துடைப்ப வண்டி

மகள் ஒற்றைக் காலில் நின்றாள். ஐந்து நாள் சைக்கிள் பயணம், கூட்டத்தோடு, மலைப்பாதையில். அதுவும் அவள் அப்பா உயிரை விட்ட அதே பாதை. வேலைக்குப் போய் சம்பாதிக்கிற பெண்ணைக் கட்டியா போட முடியும்? அழுது பார்த்து, சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் அம்மா ஒரு பேரத்துக்கு இறங்கி வந்தாள்.

"போறது நீ. யாரோட போறதுன்னு முடிவு பண்றது நான்."

"சரி," என்றாள் மகள். எதற்கும் வாதாடுகிறவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது அம்மாவுக்கு உறுத்தியது.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து சட்டத்தில் பொருத்துவாள். மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு மண்டையிடி. அதனால் எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள். பயணம் நடத்துகிறவர்களையும் அப்படித்தான் பார்க்கப் போனாள்.

இந்தப் பயணங்களில் எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். பைகள், தண்ணீர், பஞ்சர் ஒட்டுகிற சாமான், மருந்துப் பெட்டி எல்லாம் அதில் இருக்கும். முடியாதவர்கள் சைக்கிளை மேலே கட்டிவிட்டு உள்ளே ஏறிக்கொள்ளலாம். மிச்சம் மீதியைப் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவதால் சைக்கிள்காரர்கள் அதற்கு வைத்த பெயர் துடைப்ப வண்டி. அதில் ஏறியவர் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும். சட்டமெல்லாம் இல்லை, விளையாட்டுதான். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சுற்றி வர, மற்றவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். வளர்ந்த மனிதர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், இதற்குப் பயந்து நாக்குத் தள்ள மேடேறுவார்கள்.

அம்மாவின் கணவருக்கு அந்த சைக்கிள் கூட்டத்தில் 'இன்ஜின்' என்று பெயர். ஒரு நாள்கூட அவர் டீ ஊற்றியதில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளி, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள், ஒருவரையும் விடாமல் இந்தப் பெருமையைச் சொல்லுவார். கூடவே சைக்கிள் ஓட்டிய மகள் பக்கத்தில் நின்று ஜால்ரா போடுவாள்.

போன வருஷம் ஒரு மேட்டில் அவர் சைக்கிளை விட்டு இறங்கி உட்கார்ந்தார். வேன் வந்து நின்றது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வேன் போய்விட்டது. சாப்பாட்டு இடத்தில் ஆள் குறைகிறதே என்று திரும்பி வந்து பார்த்தபோது, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு. டிரைவர் பாவி விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று கூட்டமே சொன்னது. அவன் வேலையும் போனது. அம்மாவும் முகம் தெரியாத அந்த டிரைவருக்கு மனதாரச் சாபம் கொடுத்தாள். இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மகள் வீட்டில் டீ ஊற்றுவதில்லை. போடுவாள், வடிகட்டிக் கெட்டிலில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கோப்பையில் ஊற்றுவது அம்மா வேலை. "கையில என்ன விலங்கா மாட்டியிருக்கு?" என்று அம்மா வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள்.

முதலில் போன அலுவலகத்தில் எல்லாம் கண்ணாடிச் சுவர். நாக்கில் தேன் தடவிய ஒரு ஆள் நல்ல ஹோட்டல், கால் பிடித்துவிட ஆள், கூடவே வந்து படம் எடுக்க ஆள் என்று அடுக்கினான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வேன்ல ஏறினவங்கள என்ன பண்ணுவீங்க?"

"அதுதான் மேடம் ஜாலியே! சாயங்காலம் டீ ஊத்த விட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவோம்."

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த இடத்தில் ஒரு பெண், கட்டுமஸ்தான உடம்புக்காரி. வேனில் ஏறாமல் முடித்தவர்களுக்குப் பதக்கம் தருகிறார்களாம். "எங்க ஆளுங்க ஏறவே மாட்டாங்க," என்றாள் பெருமையாக.

"எனக்கு அதுதாம்மா பயம்," என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மூன்றாவது இடத்தை அலுவலகம் என்று சொன்னால் அலுவலகங்களுக்குக் கோபம் வரும். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய வேன், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். குரல் கேட்டு வெளியே வந்த மனிதர் அவளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எங்ககிட்ட எல்லாரும் ஏறணும்மா. தினமும் ஒரு தடவை, முறை வெச்சு. எவ்வளவு பெரிய வீரனா இருந்தாலும் சரி. முடியலன்னு யாரும் ஏற வேணாம், முறை வந்துச்சுன்னு ஏறினா போதும்."

"நான் நல்லாதான் இருக்கேன், நீங்க போங்கன்னு ஒருத்தர் சொன்னா?"

"போகமாட்டேன். அவர் கிளம்புற வரைக்கும் வண்டி அங்கதான் நிக்கும். திட்டுவாங்க. பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்டவங்களும் உண்டு."

இவ்வளவு நாள் தேடிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொன்ன மனிதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களை எனக்குத் தெரியும்மா," என்றார் அவர். "சாவு வீட்டுக்கு வந்தேன். உள்ள வர தைரியம் இல்லாம வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டேன். அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்தான்."

வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த அத்தனை வசவும் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்து அடித்தால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அவர் எப்படி இருந்தாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வேர்த்துக் கொட்டிச்சு. ஏறுங்கண்ணேன்னு சொன்னேன். எந்திரிச்சு வந்தாரு. கதவுல கை வெச்சாரும்மா. கைப்பிடிய பிடிச்சுட்டாரு." அவர் மறுபடி கையைத் துணியில் துடைத்தார். "அப்ப மேல திருப்பத்துலேர்ந்து ஒரு பொண்ணு திரும்பிப் பார்த்து, 'அப்பா, இன்னைக்கு டீ உங்க கையாலயா'ன்னு கத்துச்சு. விளையாட்டாதான். அவர் சிரிச்சாரு. கைய எடுத்துட்டாரு. எடுத்து கட்டை விரலைக் காட்டினாரு. நானும் சிரிச்சேம்மா. சிரிச்சுட்டு வண்டிய எடுத்துட்டேன்."

டயர் கடையில் யாரோ காற்று பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல? வேலையே போச்சேய்யா உங்களுக்கு."

"சின்னப் பொண்ணும்மா. வண்டிய எடுத்தது என் கைதானே?"

பயணத்தில் ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்கு இடம் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மகள் மேல் ஆத்திரம் பொங்கியது. பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. புருஷன் மேலும் வந்தது. ஒரு கெட்டிலைத் தூக்க வெட்கப்பட்டுச் செத்த மனுஷன்! பெற்ற மகளையும் ஆயுசுக்கும் தலை நிமிரவிடாமல் செய்துவிட்டுப் போனாரே. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல," என்றாள். சொன்ன பிறகுதான் அது புருஷன் எப்போதும் சொல்லுகிற வார்த்தை என்று உறைத்தது.

மகள் டீ போட்டு மேசையில் வைத்திருந்தாள். வழக்கம்போல நகரப் போனாள்.

"உக்காரு. ஆள் பார்த்துட்டேன். எல்லாரும் தினமும் வேன்ல ஏறணுமாம். டயர் கடைக்குப் பின்னாடி இருக்காரு."

மகள் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. "அவரு யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்ந்தார்கள். அம்மா சொல்லவில்லை.

"எல்லாம் சொன்னாரு."

மகள் அழவில்லை. ஒரு வருஷமாக இந்த நேரத்துக்குக் காத்திருந்தவளைப் போல மேசையையே பார்த்தாள். "கை கதவுல இருந்துச்சும்மா. நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் கத்தினேன்." பிறகு நிமிர்ந்து, "நான் அங்க போகணும். போயி என்ன பண்ணுவேன்னு தெரியல. ஆனா போகணும்," என்றாள்.

போய் என்ன பண்ணுவாள் என்று தெரியாததுதான் அம்மாவைக் கொன்றது. அங்கே பள்ளத்தாக்கு இருக்கிறது. ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அவரைத் தூக்கிவரப் போனபோது அவளே பார்த்தது.

"உன்மேல எனக்குக் கோபம் இருக்கு," என்றாள். "இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேன்ல எனக்கும் ஒரு இடம் சொல்லிட்டேன். அஞ்சு நாளும் உன் பின்னாடியே வருவேன். நீ கட்டை விரலைக் காட்டு, சிரி, போன்னு கத்து. வண்டி நகராது."

மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அம்மா எழுந்து போய்த் தடவிக்கொடுக்கவில்லை, கை வரவில்லை. கோப்பையை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்து."

மகள் கெட்டிலைத் தூக்கினாள். பாதி டீ மேசையில் கொட்டியது. மீதி கோப்பையில் விழுந்தது. அதை எடுத்து அம்மா குடித்தாள்.