கடலுக்குப் போய்வரும் பந்து

லியோனார்ட் காலையில் உதைத்த பந்து கடலுக்குப் போகும், உச்சிப்பொழுது சாய்ந்தபின் கரைக்கு வரும். ராயபுரத்தில் இது 1964-இல் தொடங்கியது. அந்த வருடம் புதிய கட்டுமரங்களை மந்திரிக்க மாதா கோயில் சாமியார் கரைக்கு வந்திருந்தார். வீட்டுக்குப் புதிதாக வந்த எதுவும் தீர்த்தம் படாமல் வெளியே போகக்கூடாது என்பது லியோனார்டின் அம்மா சிலுவையம்மாளின் சட்டம். மகனின் புதுப் பந்தையும் மரங்களோடு வரிசையில் வைத்தாள். உருண்டுவிடாமலிருக்க அவன் வலது காலை அதன்மேல் வைத்திருந்தான். கண்மூடிச் செபித்த சாமியார், ஒரு மரத்துக்குரிய தண்ணீரை முழுக்க அந்தக் காலில் தெளித்துவிட்டார்.

அதன்பின் அந்தக் கால் தொட்ட எந்தப் பந்துக்கும் படகின் வழக்கம் வந்தது. காலையில் கரைக்காற்றோடு மைதானத்து மதிலையும் மீன் ஏலத்தையும் தாண்டிக் கிழக்கே போகும். மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் திரும்பும். லியோனார்ட் சென்டர் ஹாஃப். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவன். சாயங்கால ஆட்டங்களில் அவன் கொடுத்த பந்து, கூட ஆடும் வியாசர்பாடி நீலமேகத்தின் காலடியில் வந்து ஒதுங்கும். நீலமேகம் கோல் போடுவான். அறுபத்தைந்தில் இருவரையும் ஊரே தோளில் தூக்கியது.

அறுபத்தாறில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்று, ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை என்று தேர்வு ஆட்டம் வைத்தது. வைத்தது காலையில். லியோனார்டின் முதல் உதையிலேயே பந்து கடலுக்குப் போனது.

"பந்து உதைச்சியா மாமு, படகு வுட்டியா?" என்றான் நீலமேகம். அவனுக்கு வேலை கிடைத்தது. லியோனார்ட் துறைமுகத்தில் கரி இறக்கப் போனான். மறு வருடம் ஆட்டம் முழுக்க இடது காலால் ஆடினான். அது வெறும் கால், தேறவில்லை. அறுபத்தெட்டுதான் கடைசி வாய்ப்பு, அதற்குமேல் வயது இடம் கொடுக்காது.

அன்று காலைத் தேர்வில், ஏற்கெனவே தொழிற்சாலை ஆளாகிவிட்ட நீலமேகம் அவன் பக்கம் ஆடினான். சிலுவையம்மாள் ஒரு அண்டா சோறும் சுறாக் குழம்புமாக வந்து உட்கார்ந்தாள். லியோனார்ட் வலது காலாலேயே உதைத்தான். பந்து போனது. வேறு பந்து இல்லை.

"பந்து எங்கய்யா?" என்றார் தேர்வு அதிகாரி ஷாகுல் ஹமீது. விசில் அவர் கையில் இருந்தது.

"தொழிலுக்குப் போய்க்கீது சார். வந்துடும்," என்றான் நீலமேகம்.

"கடலுக்குப் போனது வர்றதுக்குள்ள துன்னு முடி நைனா," என்று சிலுவையம்மாள் அவர் கையில் தட்டைக் கொடுத்தாள். இரண்டு அணிகளும் உட்கார்ந்தன. வெயில் ஏறியது. யாரும் எழுந்து போகவில்லை, குழம்பு அப்படி. லியோனார்ட் மட்டும் சாப்பிடாமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று திரும்பியது. ஈரமாக, செதில் ஒட்டியபடி, பந்து மதிலைத் தாண்டி வந்து, கோல் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்த நீலமேகத்தின் முன் இறங்கியது. அவன் உள்ளே தள்ளினான். எதிரணி கத்தியது.

"ஆட்டத்த நிறுத்தி நான் விசில் ஊதவே இல்லியே," என்றார் ஷாகுல் ஹமீது. இப்போது ஊதினார். கோல்.

வேலை கிடைத்தது. லியோனார்டின் முதல் சம்பளத்தைச் சிலுவையம்மாள், வலையில் விழுந்த மீன்பாட்டைப் பங்கு பிரிப்பதுபோலப் பிரித்தாள். கோயிலுக்குப் பங்கு, கூட நின்ற நீலமேகத்துக்குப் பங்கு. கட்டுமரத்துக்கென்று ஒதுக்கும் பங்கு வலது காலுக்குப் போனது. லியோனார்ட் அதில் பூட்ஸ் வாங்கவில்லை, மரத்துக்குப் பூசும் மீனெண்ணெய் வாங்கிப் பூசினான். நாற்றம் தாங்கவில்லை என்று அணி முனகியது, ஆனால் கோப்பைகளை வாங்கிக்கொண்டது. தொழிற்சாலை தன் ஆட்டங்களைச் சாயங்காலத்துக்கு மாற்றியது.

எழுபத்திரண்டில் ஒரு புயலன்று பந்து திரும்பவில்லை. திரும்பாத படகுகளுக்கு ஏற்றுவதுபோலவே சிலுவையம்மாள் அதற்கும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். எண்ணூரில் கரையேறியிருக்கிறது என்று ஒருவர் தேடிவந்து சொன்னார். அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.