பதினேழாம் நம்பர் ஸ்பானர்

...எடுத்துவிடு என்று சொல்லியாகிவிட்டது, வாயிலிருந்து விழுந்ததைக் குனிந்து பொறுக்கவா முடியும், பெயின்டர் கலீமுல்லா உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாலாய் மடித்தும்விட்டான், "இன்னாண்ணே, நெஜமாத்தான் சொல்றியா, ரெண்டு பேர்ல ஒண்ண எட்த்துட்டா நெத்தி மொட்டையா நிக்குமே" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான், நின்றால் நிற்கட்டும், வண்டி என்னுடையது, அதன் நெற்றியில் எவன் பேர் இருக்க வேண்டும், எவன் பேர் இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்று தணிகாசலம் மனசுக்குள் மல்லுக்கு நின்றார், யாரோடு என்றுதான் தெரியவில்லை, எதிரில் ஒருவரும் இல்லை. மந்தைவெளியில் பூவரச மரத்தடியில் பிக்கப் வண்டி நின்றது, முன்கண்ணாடிக்கு மேலே பச்சைப் பட்டையில் மஞ்சள் எழுத்தில் அறிவு, நடுவில் ஒரு தாமரைப் பூ, அப்புறம் கயல். மகன், பூ, மகள். நாளைக் காலையில் எஃப்.சி., வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இது இன்னும் ஓடத் தகுந்ததுதான் என்று எழுதி வாங்க வேண்டும், அதற்காகத்தான் இந்த அலங்காரமெல்லாம், பம்பருக்குக் கறுப்பு, துரு தின்ற மூலைக்குப் பட்டி. பேரை எடுப்பது மட்டும் எந்த அதிகாரியும் கேட்காத வேலை. "பேர எட்த்தியா, அந்த வண்டில நான் காலு வெக்க மாட்டேன், சொல்ட்டேன்" என்று காலையில் சுப்பம்மா வாசலில் நின்று சொன்னாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்கு ஒரு கத்துக் கத்திவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருக்கலாம், இந்தப் பெண்டாட்டிகளுக்கு எப்போது கத்த வேண்டும், எப்போது கத்தக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ... எட்டு மாசமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு நெற்றியில் என்ன இடம்? ஓசூரில் ஏதோ ஒர்க் ஷாப்பில் இருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் பூத்திலிருந்து சுப்பம்மா பேசுகிறாளாம், இவருக்குத் தெரியாதாம்.

எதையோ மறந்துவிட்ட மாதிரி காலையிலிருந்து ஒரு நமைச்சல். வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்துவிட்டார். ஹாரன் அடிக்கிறது, வைப்பர் ஆடுகிறது, பிரேக் போட்டால் பின்னால் விளக்கு எரிகிறது, வேறென்ன, வேறென்ன... டீக்கடை பெஞ்சில் கபாலி உட்கார்ந்திருந்தான், ஆற்றோரத்தில் இவர் தெருவிலேயே இருக்கிற ஆட்டோக்காரன், சவாரி வரும்வரை ஊர்க்கதை, "இன்னா நைனா, வண்டிக்குக் கண்ணாலமா?" என்று கேட்டுச் சிரித்தான், இவரும் சிரித்து வைத்தார். நேற்று டேஷ் போர்டில் ஆயில் விளக்குக்குப் புது பல்பு போட்டார். எஃப்.சி.யில் அதை யாரும் பார்ப்பதில்லை, பிறகு ஏன் போட்டார்? இன்ஜினில் ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு, இரண்டு வருஷமாகக் குருடு. அறிவு எத்தனை தடவை சொன்னான், "நைனா, அந்த செவப்பு லைட்ட மாத்திடலாம், ஆயில் எறங்கிட்டா எப்டித் தெரியும்?" என்று, இவர் என்ன சொன்னார், "காது கீதுல்ல, அத்த வெச்சிக் கேளு" என்றார், பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள், சிரித்தார்கள், இவருக்குப் பெருமையாக இருந்தது. தணிகாசலம் கை பட்ட வண்டி என்றால் தெருவில் ஒரு பேச்சு உண்டு, சத்தத்தை வைத்தே டீசல் பீய்ச்சுகிற நாஸில் எந்த சிலிண்டரில் அடைத்திருக்கிறது என்று சொல்வார், அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒரு பல்பு என்ன பெரிய பல்பு. இப்போது எரிகிறது. சாவியைத் திருப்பினால் பளிச்சென்று எரிகிறது, எரிந்து யாரைக் காப்பாற்ற.

வாங்கும்போதே டீசல்தான் என்று பிடிவாதமாக நின்றார், பெட்ரோல் வண்டி குலுங்காது, குடும்பத்தோடு போகலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், குலுங்காமல் போக நாம் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போகிறோம், தி.நகர்ப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ஓட்டி அலுத்த வண்டி அது, தொட்டியெல்லாம் நெளிசல், ஆனால் இன்ஜின் சத்தம் கேட்டதுமே இவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கலீமுல்லாவிடம் கொண்டுவந்து பேர் எழுதினார், அறிவுக்கு அப்போது பதினாறு, கயல் இடுப்பில் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் கல்யாண அண்டாவும் காய்கறி மூட்டையும், ஏழாம் நாள் குடும்பம், திருவான்மியூர்க் கோயில், அப்படியே கடற்கரை, முன்னால் மூன்று பேர், பின்னால் தொட்டியில் அறிவு கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டே வருவான், சாம்பார் வாசனை வண்டியை விட்டுப் போகவே போகாது, கயல் வழியெல்லாம் பசிக்கிறது என்பாள். காலையில் கிளப்பும்போது ஹீட்டர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ண வேண்டும், அப்போதுதான் டீசல் சூடாகிப் பிடிக்கும், அண்ணனும் தங்கையும் கூவிக் கூவி எண்ணுவார்கள், கயல் பதினொன்றை எப்போதும் விட்டுவிடுவாள், அவன் வேண்டுமென்றே அவளோடு சேர்ந்து அதை விட்டுவிடுவான், "டேய், வண்டி பத்தொம்போதுலயே கெளம்பிடும்டா" என்று இவர்... எட்டு மாசமாகத் தனியாக எண்ணுகிறார். கயல் முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக ஒட்டிக்கொண்டு வாயே திறப்பதில்லை, எட்டு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது.

"அண்ணே, உள்ள கீற சாமானெல்லாம் எட்த்துடு, பெயின்ட் தெறிக்கும்" என்று கலீமுல்லா முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான், உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் ஆரம்பித்துவிட்டது, சர்ர் சர்ர் என்று பல்லில் படுகிற சத்தம், இந்தச் சத்தத்துக்கு எதிரில் நிற்பதைவிட உள்ளே போய்விடலாம் என்று இவர் கதவைத் திறந்து ஏறினார். இவர் என்ன அறிவைச் சும்மாவா அடித்தார்? அந்தப் புதன்கிழமையை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. செங்கல்பட்டில் கல்யாணம், சமையல் காண்ட்ராக்ட் மயிலாப்பூர் வெங்கடரமண ஐயர், பத்து வருஷப் பழக்கம், அண்டா, தவலை, அடுப்பு எல்லாம் இவர் வண்டியில்தான் போகும், அன்றைக்கு இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அறிவு ஓட்டிப் போனான். கூடுவாஞ்சேரி தாண்டியதும் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது, ஒரு சொட்டு ஆயில் இல்லை, பிஸ்டனெல்லாம் பிடித்துக்கொண்டது. ஐயர் இவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டார், "என்ன தணிகாசலம், இப்படிப் பண்ணிட்டே! ஆட்களெல்லாம் கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கா, அண்டா எங்கே? நான் கல்யாண ஆத்துக்காராளுக்கு என்ன பதில் சொல்வேன்?" அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அழுகைதான் இருந்தது, அதற்கப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான், தெருவே கூடி நின்றது, கபாலிதான் முன்வரிசை. அறிவு இறங்கி வந்தான், சட்டையெல்லாம் கரி, "நைனா, கொஞ்சம் உள்ள வாயேன், சொல்றேன்" என்றான். "உள்ள இன்னாத்துக்கு? இங்கயே சொல்லுடா" என்று இவர் கேட்டார், கேட்ட வாய் மூடுவதற்குள் கை போய்விட்டது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, தெரு நடுவில். அவன் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், போய்விட்டான். சத்தத்தைக் கேட்டு ஓட்டத் தெரியாதவன் எதற்கு ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்... சரிதானே? அடித்தது சரிதானே?

சீட்டுக்கு அடியில் ஜாக்கி, கயிறு, கயலின் ஒற்றைச் செருப்பு, இது எப்போது தொலைந்தது, அதற்கும் உள்ளே தள்ளி ஒரு பழைய பிஸ்கட் டின். திறந்தார். நட்டு, ஆணி, காய்ந்த விபூதிப் பொட்டலம், அதன் அடியில் ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுக்கிற பழுப்புக் காகித உறை, கடைக்காரன் அடித்த ஸ்டேப்ளர் பின் பிரியாமல் அப்படியே இருந்தது. பிரித்தார். ஒரு செம்பு வாஷர், புத்தம் புதுசு, மோதிரம் மாதிரி மின்னியது. ஒரு நிமிஷம் என்னவென்று புரியவில்லை, பிறகு விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பழைய ஆயிலை இறக்குவதற்கு இன்ஜின் அடியில் ஒரு போல்ட்டு உண்டு, ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அதற்கு ஒரு புது வாஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் கசியும், கசிந்து கசிந்து போல்ட்டே தளர்ந்துவிடும், இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் தணிகாசலம். இது எந்த வாஷர்? கடைசியாக எப்போது வாங்கினார்? அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய ஞாயிறு, வண்டிக்கு அடியில் இவர் மல்லாந்து கிடந்தார், பழைய ஆயில் இறங்கியது, போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது சுப்பம்மா கூப்பிட்டாள், "கொழம்பு சூடா கீது, வந்து துன்ட்டு போ" என்று, வஞ்சிர மீன், சாப்பிட்டு வந்து ஸ்பானர் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்தார். சாப்பிட்டார். கொஞ்சம் கண் அசந்தார். சாயங்காலம் புது ஆயில் ஊற்றினார், புனலைக் கயல் பிடித்துக்கொண்டாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் நடுவில் ஸ்பானர்... பதினேழாம் நம்பர் ஸ்பானர், எடுத்தேனா? அடியில் மறுபடி படுத்தேனா? வாஷரே இங்கே இருக்கிறதே. திங்களும் செவ்வாயும் வண்டி நின்ற இடத்தில் கறுப்புச் சொட்டு, "வண்டிக்கு அடியில எண்ண சொட்டிக்கினு கீது" என்று சுப்பம்மா சொன்னாள், பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும் என்று இவர் சொன்னார், யார் சொன்னது, காது வைத்தே கண்டுபிடிக்கிறவர் சொன்னது.

இல்லை, அப்படி இருக்க முடியாது, போல்ட்டு விழுந்திருந்தால் வண்டி வரும்போது அடியில் ஓட்டையல்லவா இருந்திருக்க வேண்டும், எல்லோரும் பார்த்திருப்பார்களே, மெக்கானிக் இசக்கிமுத்து பார்த்திருப்பானே, என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இவர் மேலே ஏறப் பார்த்தார், அப்போதுதான் அந்த இன்னொரு ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. இன்ஜினைப் பிரித்துக் கோத்து ஓட ஆரம்பித்த பிறகு முதல் ஆயில் மாற்றம், பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கொண்டுபோனால் அந்த போல்ட்டில் ஏறவே இல்லை, பத்தொன்பது கேட்டது. யார் மாற்றினது என்று கேட்டதற்கு இசக்கிமுத்து, "நான் அதத் தொடவே இல்ல அண்ணாச்சி, இழுத்துட்டு வரும்போதே அந்த போல்ட்டுதான் கெடந்துச்சு" என்றான். இவர் சரி என்று விட்டுவிட்டார். ஏன் விட்டார்? ஒரு போல்ட்டுக்குக் கணக்குக் கேட்காமல் விடுகிற ஆளா இவர்? அறிவுதான் மாட்டியிருக்கிறான். கூடுவாஞ்சேரியில் வெயிலில் நடந்து கடை தேடி, கிடைத்ததை வாங்கி, அடியில் படுத்து மாட்டியிருக்கிறான். இறுகிப்போன இன்ஜினுக்குப் போல்ட்டு எதற்கு? செத்த இன்ஜினில் எந்த ஆயில் ஒழுகப் போகிறது? ஓட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. தெருவில் இறக்கும்போது கபாலி குனிந்து பார்ப்பான், இசக்கிமுத்து பார்ப்பான், அடடே, தணிகாசலம் போல்ட்டை இறுக்க மறந்துட்டாரே என்று சிரிப்பார்கள்... அதற்காக. உள்ளே வா சொல்கிறேன் என்றானே, அதற்காக. அடி விழுந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதற்கும் இதுதான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எதிர்த்துக் கத்தியிருக்கலாமே, என்று அவன் மேலேயே மறுபடி கோபம் வந்தது, கண் கலங்கியது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

சர்ர் சர்ர் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, எத்தனை நேரமாக, ஐயோ என்று வாஷரைக் கையில் பொத்திக்கொண்டு குதித்து இறங்கினார், முன்னால் ஓடினார். முதல் எழுத்து போய்விட்டது. பச்சைப் பட்டையில் ஒரு வெளிறிய தழும்பு, அதற்குப் பக்கத்தில் "றிவு" என்று மிச்சம், அப்புறம் தாமரை, அப்புறம் கயல். "நிறுத்துபா, நிறுத்து" என்றார், குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கலீமுல்லா கையை எடுத்தான், உப்புத்தாளிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"இன்னாண்ணே, மறுபடி எழுதணுமா? எழுதிடலாம், ஆனா புது எழுத்து தனியாத் தெரியும். இன்னாதான் ஆச்சு ஒனக்கு?"

பெஞ்சில் கபாலி டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தான், பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். தணிகாசலம் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தார், இருட்டாக, ஆளில்லாமல், நன்றாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் உள்ள வாயேன், சொல்றேன்."

"உள்ள இன்னாத்துக்கு? கையெல்லாம் ஈரமா கீது. இங்கயே சொல்லுண்ணே."

வாயைத் திறந்தார், உள்ளங்கையில் வாஷர் அழுந்தியது, கலீமுல்லா அவசரப்படாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், இன்னும் நிற்கிறான், இந்த இடத்தில்... இதே இடத்தில் அறிவுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தேன்?