சருகுமான் தூங்கும் விதம்

ஊசிமட்டம் மலையில், விஞ்ஞானிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் என்ன பதில் சொல்கிறார்களோ அதன்படிதான் காட்டு விலங்குகள் நடந்துகொள்ள வேண்டும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறாம் வகுப்பில் கேள்வி நேரம் நடக்கும். காட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்களில் யாராவது ஒருவர் வருவார். பிள்ளைகள் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். சாயங்காலத்துக்குள் பதில் காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தெரியாது என்று சொல்லிவிட்டால், அந்த விஷயத்தில் விலங்கு தன் இஷ்டம்போல் இருந்துகொள்ளலாம்.

அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்வார்கள். பல வருஷங்களுக்கு முன்னால், பறவைகளைப் பற்றிப் படிக்க வந்த ஒருவர், பிள்ளைகள் சிரிக்கட்டுமே என்று, இருவாச்சி அத்திப்பழம் தின்பதற்கு முன்னால் மரத்துக்கு ஒரு கும்பிடு போடும் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் அந்த மலையில் இருவாச்சிகள் தலையைக் குனிந்து நிமிர்ந்த பிறகுதான் பழத்தில் அலகை வைக்கின்றன. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பழம் கொஞ்சம் தாமதமாக வயிற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

வாசுகி பதினோரு வருஷமாகச் சருகுமானைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கொம்பில்லாத, முயல் அளவே இருக்கிற மான் அது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருப்பதால், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் கண்ணுக்கே படாது. அதன் புழுக்கை அவளுக்குத் தெரியும், குளம்புத் தடம் தெரியும், எந்த மரத்தில் பழம் உதிர்ந்தால் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதும் தெரியும். ஆனால் அது தூங்கி அவள் பார்த்ததே இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஜூன் மாதம் அவளுடைய முறை வந்தது. வகுப்பாசிரியை எமிலி டீச்சர் அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "மேடம் பதினோரு வருஷமா நம்ம காட்டுலேயே இருக்காங்க. கேளுங்க" என்றார்.

முதல் பையன் எழுந்து, மலையணில் கனவு காணுமா என்று கேட்டான். தெரியாது என்றாள் வாசுகி. அடுத்தவன், ராஜநாகத்துக்குத் தன் பெயர் தெரியுமா என்று கேட்டான். அதற்கும் தெரியாது. பெண் இருவாச்சி குஞ்சு பொரிக்கும்வரை பொந்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறதே, அதற்குச் சலிப்பாக இருக்காதா என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது. சிங்கவால் குரங்குகள் மழை பெய்யும்போது தங்களுக்குள் என்ன பேசிக்கொள்ளும் என்று இன்னொருத்தி கேட்டாள். அதுவும் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். எமிலி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசுகிக்குக் காது மடல் சுட்டது.

அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து பிரிசில்லா எழுந்தாள். அவள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பிரிசில்லா ரெட்டைப் பின்னலை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, "மேடம், சருகுமான் எப்படித் தூங்கும்?" என்று கேட்டாள்.

வாசுகியின் சொந்த மிருகம். இதற்கும் தெரியாது என்று சொன்னால் பதினோரு வருஷம் அந்த நாற்காலியிலேயே கரைந்து போய்விடும் என்று தோன்றியது.

"நின்னுக்கிட்டேதான் தூங்கும்" என்றாள்.

பிரிசில்லா உட்காரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பவில்லையோ என்று வாசுகிக்குப் பட்டது. "ஒரு காலை மட்டும் தூக்கிக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"எந்தக் காலு மேடம்?"

"முன்னங்கால். இடது."

பிரிசில்லா தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

மறுநாள் காலை வாசுகி காட்டுக்குப் போனபோது, அவளோடு வேலை பார்க்கும் செல்வின் ஓடைக்குப் பக்கத்தில் காத்திருந்தார். கையைக் காட்டினார். ஈட்டி மரத்தடியில் ஒரு சருகுமான் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. இடது முன்னங்காலை மடக்கித் தூக்கியிருந்தது. கண் மூடும். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். விழப்போகிற நேரத்தில் திடுக்கிட்டு விழிக்கும். மறுபடி காலைத் தூக்கிக்கொள்ளும்.

"நேத்து என்ன சொன்னீங்க மேடம்?" என்று செல்வின் கேட்டார்.

"நின்னுக்கிட்டே தூங்கும்னு."

"காலு?"

"அதுவும் சொன்னேன்."

"சரி" என்றார் செல்வின். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை கட்டியிருந்த துணி உறையை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வாசுகிக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

சொன்ன பதிலை வாபஸ் வாங்க வழி இருந்தது. அதே வகுப்பில், கேள்வி நேரத்தில், கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஜூலை மாத வியாழக்கிழமை வாசுகி காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். காய்ச்சல் இல்லை. மழை ஜன்னலில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் போர்வையைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டில் பாதை வழுக்குகிறது என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில்.

இதற்கு நடுவில் அவள் ஒரு கட்டுரையும் எழுதினாள். எழுதாமல் இருக்க முடியவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுவதுதான் அவள் வேலை. இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். நாற்பது சருகுமான்கள் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு தூங்குவதைத் தேதி, இடம், நேரத்தோடு குறித்துவைத்திருந்தாள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவளுடைய நிறுவனத்தின் இயக்குநர் ஊசிமட்டத்துக்கே வந்து, யாரும் இதுவரை கவனிக்காததைக் கவனித்திருக்கிறீர்கள் என்று சொல்லி ஒரு சால்வையைப் போர்த்தினார். சால்வை பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. வாசுகிக்கு அதைச் சுமந்துகொண்டு நிற்கவே முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் மடித்து, தேநீர்க் கோப்பைகள் வைத்திருந்த மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். செல்வின் அதை எடுத்துத் தூசி தட்டி அவள் ஜீப்பில் வைத்துவிட்டார்.

ஒளிந்து படுக்க வேண்டிய மிருகம் வெட்டவெளியில் நின்று தூங்குவது செந்நாய்களுக்கு வசதியாகப் போயிற்று. செல்வின் தினமும் காலையில் எத்தனை செத்தது என்று சொல்வார். "ஓடைக்கிட்ட ரெண்டு மேடம். மேல காப்பித் தோட்டத்து ஓரமா ஒண்ணு." அவள் முகத்தைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சருகுமான் அவளுடைய குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். வாசுகி சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இடது முன்னங்காலைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. கண்களில் சிவப்பு ஓடியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, விழித்தது, மறுபடி காலைத் தூக்கியது. அவளிடம் காட்டிச் சரிதானா என்று கேட்பதுபோல் இருந்தது.

அவள் ஒரு சாக்கை நாலாக மடித்துக் கொண்டுபோய் அதன் முன்னால் விரித்தாள். அது சாக்கின்மேல் ஏறி நின்றுகொண்டது. படுக்கவில்லை.

"படுத்துக்கோ" என்றாள் வாசுகி. "யாரும் பாக்கல."

அது காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் பின்கதவு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நாலாவது நாள் பின்கதவைத் திறந்தபோது அங்கே நின்றுகொண்டிருந்தது. வாசுகி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோசை கருகுகிற வாசனை வந்தது. எழுந்து போய் அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அது பார்த்துக்கொண்டிருக்கிறதே என்றிருந்தது.

செப்டம்பர் மாத வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். ஜீப் வேண்டாம் என்றுவிட்டாள். சருகுமான் பத்தடி பின்னால் வந்தது. வழியில் இரண்டு தடவை நின்றபடியே தூங்கியது. அவள் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனாள். அதைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள். எமிலி டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பிரிசில்லா" என்றாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள். "ஜூன் மாசம் நீ ஒண்ணு கேட்ட. சருகுமான் எப்படித் தூங்கும்னு."

"ஆமா மேடம்."

"நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது. அன்னைக்குவரைக்கும் அது தூங்கி நான் பார்த்ததே இல்ல."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் நோட்டைத் திறந்து, பழைய பக்கத்தைத் தேடி, அந்த வரியின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். முப்பது ஸ்கேல்கள் பெஞ்சில் உரசுகிற சத்தம் கேட்டது. பிரிசில்லா மட்டும் நோட்டைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது எப்படித் தூங்கும்னு. அம்மாகூட மேல் காட்டுக்குப் போனப்ப பார்த்தேன். பலா மரத்து வேர்ப் பொந்துக்குள்ள. நாலு காலையும் மடக்கி வச்சுக்கிட்டு, மூக்கை வயித்துப் பக்கம் திருப்பிக்கிட்டு. காது மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கண்ணு என்கிட்ட கேட்ட?"

பிரிசில்லா பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன். பார்த்திருந்தா ரெண்டு பேரும் பேசலாம்னுதான்."

"நான் தப்பாச் சொன்னப்ப நீ சொல்லியிருக்கலாமே."

"நீங்க பதினோரு வருஷம் மேடம். நான் ஒரே ஒரு தடவை. நான்தான் சரியாப் பாக்கலன்னு நெனச்சேன். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன், பார்த்தேன்னு. அன்னைக்குச் சாயங்காலம் போயி, நான் பொய் சொல்லிட்டேன்மான்னு சொல்லிட்டேன். அம்மா திட்டல. ஆனா அதுக்கப்புறம் எதையாவது பார்த்தேன்னு சொன்னா, நெஜமாவா நெஜமாவான்னு ரெண்டு தடவை கேக்குறாங்க" என்றாள்.

மூன்று மாதமாகத் தான் மட்டுமே தலை குனிந்து நடப்பதாக வாசுகி நினைத்திருந்தாள். இந்தப் பெண் அதே மூன்று மாதமும் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படி நடந்து வந்திருப்பாள் என்று அவள் யோசித்ததே இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். பிறகு, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தாள்.

"நீ சரியாத்தான் பார்த்திருக்க. பொய் சொன்னது நான். இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் சொல்றேன்."

"அம்மா அஞ்சரைக்குத்தான் வருவாங்க மேடம்."

"அஞ்சரைக்கு வர்றேன்."

"மேடம் வாபஸ் வாங்குறாங்க. நீ ஒத்துக்கிறியா பிரிசில்லா?" என்று எமிலி டீச்சர் கேட்டார்.

"ஒத்துக்கிறேன் டீச்சர்."

ஜன்னலுக்கு வெளியே, கொடிக்கம்பத்தடியில், சருகுமான் காலைக் கீழே வைத்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடக்கி, பின்னங்கால் இரண்டையும் மடக்கி, தரையில் அமர்ந்து, மூக்கை வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டது. சத்துணவு சமைக்கும் அம்மா, கழுவிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அதைச் சுற்றிக்கொண்டு போனார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக வாசுகி அது தன் இஷ்டம்போல் தூங்குவதைப் பார்த்தாள். காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுக்கவில்லை. அது பிரிசில்லா பார்த்தது.

எமிலி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "இனிஷியல் என்ன மேடம்?"

"டி."

"டி. வாசுகி. முப்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "வாபஸ் வாங்கினவங்க வருஷம் முடியிறவரைக்கும் வகுப்புல இருக்கணும். ரெண்டாவது பெஞ்சுல இடம் இருக்கு பாருங்க."

பிரிசில்லா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வாசுகி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. பிரிசில்லா தன் நோட்டிலிருந்து நடுப்பக்கத்து இரண்டு தாள்களைப் பிரித்து, ஒரு பென்சிலோடு சேர்த்து அவளிடம் கொடுத்தாள்.

அடுத்தது சமூக அறிவியல். எமிலி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு மாவட்டத்தின் படத்தை வரைந்தார். பள்ளிக்கூடத்து இரும்புக் கதவுக்கு வெளியே, தன்னைப் பற்றிய பதிலைக் கேட்டுப் போக, ஆறு வந்து நின்றிருந்தது. சைக்கிள்கள் போவதற்கு வழி விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றது.

"நம்ம ஆறு எந்தப் பக்கமா ஓடுது?" என்று எமிலி டீச்சர் கேட்டார். "முப்பத்திரண்டு, எந்திரிங்க."

வாசுகி எழுந்து நின்றாள். "அணைவரைக்கும் மேற்கே போகுது டீச்சர்" என்றாள். "அதுக்கு அந்தப் பக்கம் நான் போனதில்ல."

"உக்காருங்க" என்றார் எமிலி டீச்சர்.

வெளியே ஆறு மேற்கே கிளம்பியது.