ரைஸ் மில் களத்தில் ஓடிய ரேஸ் கார்

மறுநாள் காலை சோழவரத்தில் கார் பந்தயம். புது ரேஸ் டயர்கள் அன்று மதியம்தான் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தன. புது டயரின் வழவழப்புத் தேயும்வரை அது ரோட்டைப் பிடிக்காது. போன வருஷம் அப்படி ஓட்டித்தான் தர்மனின் அண்ணன் முதல் வளைவிலேயே கவிழ்ந்து ஒரு காலை இழந்தார். இந்த முறை ஓட்டப்போவது தர்மன். மெக்கானிக் ஜான் பாஷா வேண்டாமென்று சொல்லியும் அவன் கேட்கவில்லை.

டயர்களை மாட்டி முடித்தபோது வானம் கறுத்திருந்தது. டயர் தேய வளைத்து வளைத்து ஓட்ட ஊருக்குள் இடமில்லை. காரை ஓரிக்கை ரைஸ் மில்லுக்கு மெதுவாகக் கொண்டுபோனார்கள். அங்கே சிமெண்ட் களம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"நெல்லை நாங்களே வாரித் தர்றோம்மா. களத்தைக் கொஞ்ச நேரம் குடும்மா," என்று மில்லை நடத்திய ரேணுகாம்பாளிடம் பாஷா கெஞ்சினார்.

"மழை வந்துக்கினு இருக்குது. சீக்கிரம் வாருங்கப்பா," என்றாள் அவள்.

நெல்லை உள்ளே சேர்த்ததும் தர்மன் இடப்பக்கமாகவே வட்டமடித்தான். பாரம் முழுக்க விழுந்த வலப்பக்க டயர்கள் பளபளப்பு போய்ச் சொரசொரத்தன. மறுபக்கம் திருப்புவதற்குள் மழை கொட்டியது.

"இந்தப் பக்கம் ரெண்டும் அப்படியே இருக்குதே, பாய்!" தர்மன் இறங்கி இடப்பக்க டயர்களைத் தடவிப் பார்த்தான்.

காரைக் கொட்டகைக்குள் தள்ளி ஜாக்கி வைத்துத் தூக்கினார் பாஷா. இருவரும் உப்புத்தாளால் அந்த இரண்டு டயர்களையும் தேய்த்தார்கள். தாள் கிழிந்ததும் செங்கல்லால் தேய்த்தார்கள். பாஷாவின் விரல்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் பந்தயத்தின் முதல் வலது வளைவில், கையால் தேய்த்த டயர்கள்மேல் பாரம் விழுந்தபோது, காரின் பின்பக்கம் விலகியது. பாஷா கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது கார் நேராகி ஓடிக்கொண்டிருந்தது.

தர்மன் ஏழாவதாக வந்தான். இறங்கியதும் பாஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.