பேராயர் சொன்ன பதில்

பேராயர் ஞானாதிக்கம் முழங்கால் வலியோடு பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவருக்கு எழுபத்தொரு வயது. முதலில் வத்திக்கான் தூதரகச் செயலராகவும், பிறகு போப்பாண்டவரின் தூதராகவும் முப்பத்தொன்பது வருடங்களில் ஒன்பது நாடுகளைப் பார்த்துவிட்டார். இப்போது மூன்று வார விடுப்பு. ஓய்வு கேட்டு ரோமுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடைசியாக இருந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை. கடத்தப்பட்ட பதினொரு பேரை மீட்க எட்டு மாதம் இரண்டு தரப்பாரின் வாசலிலும் மாறிமாறிக் காத்துக்கிடந்தார். ஏழு பேர் உயிரோடு வந்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின. மற்ற நால்வரின் வீடுகளுக்கு அவரேதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கை சகாயமேரி ஓய்வுபெற்ற டீச்சர். மாடிப்படி ஏற முடியாத அண்ணனுக்காகக் கீழ் அறையை ஒழித்து வைத்திருந்தாள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்கவில்லை.

இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டின் நடுவே ரோமிலிருந்து போன் வந்தது. ஓய்வு நிச்சயம் உண்டு, ஆனால் அதற்கு முன் வேறொரு நாட்டில் இரண்டே வருடம், அங்கே சமாதானப் பேச்சு தொடங்கப்போகிறது என்றார் அதிகாரி. நாளை சொல்கிறேன் என்றார் பேராயர். இதுவரை அவர் அப்படிச் சொன்னதெல்லாம் சம்மதத்தில்தான் முடிந்திருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட சகாயமேரி அவர் தட்டில் மோர் ஊற்றினாள்.

"உங்களால முடியுமாண்ணா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னும் நாலு வூட்டு வாசல்ல போயி நிக்க முடியாது மேரி."

"அப்ப அதையே சொல்லிடுங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

மறுநாள் அவரே ரோமுக்குப் பேசினார். சுற்றி வளைத்தே பேசிப் பழகிய இத்தாலிய மொழியில், என்னால் முடியவில்லை என்று ஒரே வரியில் சொன்னார். வற்புறுத்துவார்கள், மருத்துவச் சீட்டு கேட்பார்கள் என்று பதில்களைத் தயார் செய்திருந்தார். அதிகாரி நன்றி சொன்னார், உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்றார், வைத்துவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கோவப்பட்டாங்களா?" என்றாள் தங்கை.

"இல்ல. இன்னொரு பேரு ரெடியா வச்சிருந்தாங்க போல."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இத்தனை வருடமும் தன்னை விட்டால் ஆளில்லை என்று நம்பியே ஓடியிருக்கிறோம் என்று தோன்றியது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடிந்ததும், ஊர்ச் சர்ச்சில் காலைத் திருப்பலிக்கு அவரை அழைத்துவரப் பங்குச்சாமி கார் அனுப்பினார். சகாயமேரி அறையை எட்டிப் பார்த்தாள். அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வரமாட்டார் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.