கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

துணி காயப்போட அவன் பால்கனிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்துவைத்தால் சின்னவன் பின்னாலேயே வந்து கம்பியில் ஏறுவான் என்று காலால் தள்ளிச் சாத்தியிருந்தான். குட்டிச் சட்டை ஒன்றை உதறிக்கொண்டிருந்தபோது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சின்னவன் குந்தியிருந்தான். இத்தனை நாள் யாரும் தொடாமல் துருவேறிக் கிடந்த கீழ்த்தாழ்ப்பாள், இரண்டு வயதுப் பையன் முழு உடம்பையும் கொடுத்து அழுத்தியதில் தரைக்குழியில் இறங்கிவிட்டிருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டவன்போலக் கை தட்டினான்.

"பாப்பா! இங்க வாம்மா!" என்று வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினான். சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்த ஆறு வயது மகள் வந்தாள். இழுத்தாள். முகம் சிவக்க இழுத்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

"வரலைப்பா," என்றாள். கண்ணாடி வழியாக அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மகளை நெருப்பருகே அனுப்பவும் மனமில்லை.

கைபேசி உள்ளே சாப்பாட்டு மேசைமேல். அவன் வேலை மேசையும் அதுதான். அங்கே உட்கார்ந்துதான் யார் யாருக்கோ வீட்டு வரைபடம் வரைந்து கொடுக்கிறான். சமையலறை எங்கே வரவேண்டும், ஜன்னல் எத்தனை அகலம் என்று ஊராருக்குச் சொல்லுகிறவனுக்குத் தன் வீட்டுப் பால்கனியிலிருந்து வெளியேற வழியில்லை. மூன்றாவது மாடி. கீழே சிமென்ட் தரை.

மனைவி ஊரில் இல்லை. தொழிற்சாலைகளில் பாக்கெட் போடும் இயந்திரங்களைப் பொருத்துவது அவள் வேலை. பொருத்தினால் போதாது, அது ஒழுங்காக ஓடும்வரை பக்கத்திலேயே இருக்கவேண்டும். போனால் வாரக்கணக்கில். முன்பெல்லாம் அவனைப் பார்க்கிறவர்கள் "வீட்ல சௌக்கியமா?" என்று கேட்பார்கள். இப்போது அந்த 'வீட்ல' என்பதே அவன்தான். பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனால் அங்கிருக்கும் அம்மாக்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தங்களுக்குள் பேச்சைத் தொடருவார்கள். பார்சல் கொண்டுவருகிற பையன்கூட அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மேடம் இல்லையா சார்?" என்பான். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசத்தான் செய்கிறான். எல்லாம் 'ஆ காட்டு', 'அதைத் தொடாதே', 'யானை எப்படிக் கத்தும்?' வகைப் பேச்சு.

எதிர்க் கட்டடத்தில், அதே உயரத்தில், அந்த அம்மாள் நின்றிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. சாயங்காலமானால் பால்கனியில் மேசை போட்டுத் துணி தேய்ப்பாள். மனதுக்குள் அவளுக்கு 'இஸ்திரி அக்கா' என்று பேர் வைத்திருந்தான். இத்தனை மாதத்தில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்ததுகூட இல்லை.

"ஏங்க!" என்று கத்தினான். குரல் கரகரவென்று வந்தது. இன்றைக்குக் குழந்தையல்லாத ஓர் ஆளிடம் நேருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "ஏங்க, கதவு மாட்டிக்கிச்சு! உள்ள ரெண்டு பிள்ளைங்க, அடுப்பு எரியுது!"

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே மறைந்தாள்.

"பாப்பா, ஒரு ஆன்ட்டி வருவாங்க. வாசக் கதவைத் திறந்து விடும்மா."

மாட்டேன் என்று மகள் தலையை ஆட்டினாள். "தெரியாதவங்களுக்குத் திறக்கக் கூடாது. நீதானே சொன்ன?"

"இவங்களுக்குத் திறக்கலாம்மா."

"அவங்க பேர் என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. மகள் கையை விரித்து, பார்த்தாயா என்பதுபோல நின்றாள்.

அழைப்பு மணி அடித்தது. மகள் நகரவில்லை. மறுபடி அடித்தது. தீய்ந்த பாலின் வாடை எங்கிருந்தோ மூக்குக்கு வந்தது. மணிச்சத்தத்துக்குச் சின்னவன் அழ ஆரம்பித்தான். மகள் தம்பியை மடியில் இழுத்து உட்காரவைத்து, அப்பா செய்வதுபோலவே முதுகில் தட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் தன் வீட்டைப் பார்த்தான். இறைந்து கிடந்த பொம்மைகள், பாதி கடித்த பிஸ்கட், ஒன்றையொன்று கட்டிக்கொண்ட இரண்டு குழந்தைகள். தெருவில் போகிறவன் வெளிச்சமுள்ள ஜன்னலைப் பார்ப்பதுபோல இருந்தது.

அப்போது மேசைமேல் கைபேசி வீடியோ அழைப்பில் ஒளிர்ந்தது. மகள் ஓடிப்போய் எடுத்துவந்து திரையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். தலைக்கவசத்தோடு மனைவி. முதலில் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் உதடு அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மகள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பி என்னவோ சொன்னாள், கேட்டாள், தலையாட்டினாள். நேராக வாசலுக்கு நடந்து கதவைத் திறந்தாள்.

இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியதற்கு நடக்காதது, எங்கிருந்தோ வந்த இரண்டு வார்த்தைக்கு நடந்துவிட்டது.

இஸ்திரி அக்கா முதலில் சமையலறைக்குள் போனாள். பிறகு வந்து முழங்காலிட்டு, தாழ்ப்பாளை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள்.

"அடுப்ப அணைச்சிட்டேன். பாத்திரம்தான் போச்சு, ஊறப் போடுங்க," என்றாள். மூச்சு வாங்கியது. சின்னவன் அவள் கையைப் பிடித்துத் தன் பொம்மை லாரியைக் காட்டினான். அவள் குனிந்து, அக்கறையாக அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"உங்க வீட்ல எப்பவும் ஒரே சத்தமா இருக்கும்," என்றாள்.

"தொந்தரவா இருக்குங்களா?"

"ஐயோ, இல்லப்பா. அதுக்குத்தான் நான் வெளிய வந்து தேய்க்கிறதே."

"உக்காருங்கக்கா. ஒரு டீ போடறேன்," என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது அவனுக்கே கேட்டது.

"வந்த வேகத்துல இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமில்ல. இங்க தீய அணைச்சிட்டு அங்க வெச்சிடப் போறேன்!" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். படியிறங்கும் சத்தம் தேயும்வரை அவன் கதவருகிலேயே நின்றான்.

மகள் கைபேசியை நீட்டினாள். மனைவி இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.

"பயந்துட்டியா?"

"இல்ல," என்றான்.

"நான் பயந்துட்டேன்." அவளுக்குப் பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. "நான் கூப்பிட்டது வேற விஷயமா. இங்க ஒரு மோட்டார் சரியில்ல. மாத்து மோட்டார் வரணுமாம். இன்னும் இழுக்கும் போல."

"எத்தனை நாள்?"

"தெரியலடா."

வந்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. திரையில் அவள் கண்ணுக்குக் கீழே கருப்பாக எண்ணெய்க் கறை. அதைத் துடைக்கக்கூட அவளுக்குப் பக்கத்தில் ஆளில்லை.

"சரி. பாத்துக்கறேன்," என்றான்.

பேசி முடித்தபோது சின்னவன் அவன் கால்சட்டையைப் பிடித்துப் பால்கனிப் பக்கம் இழுத்தான். "அப்பா, போ." வேண்டாம்டா என்றான். கேட்கவில்லை. "போ! போ!" என்று இரண்டு கையாலும் முழங்காலைத் தள்ளினான். அழுதுவிடுவான் போலிருந்தது.

அவன் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வெளியே போய் நின்றான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சின்னவன் கதவைத் தன்னால் முடிந்தமட்டும் சாத்தி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தான். பிறகு, ரயிலில் போகிறவர்களுக்குக் காட்டுவதுபோல, மெதுவாகக் கையசைத்தான்.

"டாட்டா. போய்ட்டு வா."

வெளியே ஒற்றைச் செருப்போடு நின்றவன், பதிலுக்குக் கையை உயர்த்தினான்.